இன்செர்ட் விசையின் கதை

உங்க விசைப்பலகையில இன்செர்ட்னு ஒண்ணு இருக்கே, கடைசியா எப்போ அழுத்தினீங்க? பலருக்கு அது தெரியாம கைபட்டு, அடிச்ச எழுத்தைத் தின்னுட்டுப் போற சனியன். திரைவாசிப்பானை நம்பி கணினியில் புழங்கும் எனக்கோ அதுதான் வீட்டுச் சாவி. இன்செர்ட்டோட 'டி' அடிச்சா எந்தச் சாளரத்தில் நிற்கிறேன்னு சொல்லும். எஃப்12 சேர்த்தா மணி சொல்லும்.

டாஸ் காலத்தில் திரை முழுக்க வெறும் எழுத்துதான். கட்டளையை எல்லாருமே தட்டச்சணும், பார்வை உள்ளவரும் இல்லாதவரும். 1986-ல் ஐபிஎம்மில் ஜிம் தாட்சர் செய்த மென்பொருளின் பெயரே 'ஸ்க்ரீன் ரீடர்'. பிறகு அது இந்த வகைக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. 1989-ல் ஜாஸ் வந்தது. செய்தவர் டெட் ஹென்டர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் கார் விபத்தில் பார்வை இழந்தவர்.

அப்புறம் விண்டோஸ் வந்தது, கூடவே மவுஸும். எழுத்தும் படமும் எல்லாமே புள்ளிகளாகிவிட்டன. வாசிக்க எழுத்தே இல்லாத திரையில் திரைவாசிப்பான் என்ன செய்யும்? ஜாஸ் என்பதன் விரிவிலேயே 'ஜாப்' இருக்கிறது. டாஸை நம்பி வேலை பார்த்தவங்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. நல்லவேளை, ரெண்டு விஷயம் காப்பாத்தியது. ஒண்ணு, திரையில் எழுத்தை வரையச் சொல்லிப் போகும் கட்டளைகளை வழியிலேயே ஒட்டுக்கேட்கும் உத்தி. இன்னொண்ணு, ஐபிஎம் 1987-ல் வெளியிட்ட இடைமுக விதிகள். மவுஸ் இல்லாமலும் மெனுவைத் திறக்க, மூட வழி வேணும்னு வச்ச அந்த விதிகளை விண்டோஸும் பெருமளவு எடுத்துக்கொண்டது. பார்வையற்றவர்களுக்காக எழுதியதல்ல, ஆனா பலன் எங்களுக்கு!

1995 ஜனவரியில் விண்டோஸுக்கான ஜாஸ் வந்தபோது கன்ட்ரோலும் ஆல்ட்டும் ஏற்கெனவே மற்ற மென்பொருள்களின் பிடியில். யாரும் அதிகம் சீண்டாமல் கிடந்தது இன்செர்ட்தான். அதிலும் எண்பலகையில் பூஜ்ஜியத்தோடு குடியிருக்கும் இன்செர்ட், கட்டைவிரலுக்கு வாகான இடம்.

அப்போ ஜாஸ் விலை ஆயிரம் டாலர் வாக்கில் இருந்தது. 2006-ல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன், அவரும் பார்வையற்றவர், இலவசமாக என்விடிஏ எழுதத் தொடங்கினார். அதிலும் சாவி இன்செர்ட்தான். எண்பலகை இல்லாத மடிக்கணினிக்காக கேப்ஸ் லாக்கையும் சாவியாக வச்சுக்கலாம். ஜாஸில் பழகிய விரல் பெரும்பாலும் புதுசா பாடம் படிக்க வேண்டியதில்லை.

மனப்பாடம் பண்ணின குறுக்குவழி ஒவ்வொண்ணும் யாரையும் கூப்பிடாமல் நானே முடிக்கிற ஒரு வேலை. மவுஸுக்கு மட்டுமே மசிகிற ஒரு பொத்தான் வந்தால் அந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன்.

நிரல் எழுதும் நண்பர்களே, மவுஸைக் கழற்றி வச்சுட்டு டேப் விசையை மட்டும் வச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. எங்கே இடிக்குதுன்னு உங்களுக்கே தெரியும் :-)