மக்கள் குரலைக் கேட்ட மேலவை உறுப்பினர்
டத்தோ ஆதி நாகப்பனும் ஊராட்சி விசாரணை ஆணையமும்



கோயில் விளங்கும் ஊரில் குடியிருத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் வழங்கிச் சென்ற அறிவுரை. கோயில் நன்கு விளங்க வேண்டுமெனில், அது அமைந்துள்ள ஊரும் நன்கு விளங்குதல் வேண்டும். இரதம் பவனி வரும் வீதி செப்பமாக இருத்தல், மழைநீர் தேங்காமல் வடிதல், திருவிழா முடிந்த மறுநாள் குப்பை அகற்றப்படுதல், அங்காடிக் கடைகளுக்கு உரிமம் வழங்கப்படுதல், புதிய மண்டபத்தின் வரைபடத்திற்கு அனுமதி கிடைத்தல் ஆகிய இவை யாவும் ஊராட்சி மன்றத்தோடு தொடர்புடையவை. மத்திய அரசு, மாநில அரசு ஆகிய இரண்டினும் நம் வாசற்படிக்கு மிக அருகில் நிற்பது ஊராட்சியே எனலாம்.

அந்த ஊராட்சி எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதைத் தீபகற்பம் முழுவதும் ஆராய்ந்து அறிக்கை அளிக்கும் பெரும்பொறுப்பு 1965-ஆம் ஆண்டில் ஒரு தமிழரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தாம் வழக்கறிஞரும், ம.இ.கா. தலைவர்களுள் ஒருவரும், மேலவை உறுப்பினருமாகிய டத்தோ ஆதி நாகப்பன் அவர்கள். இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய திருமதி ஜானகி அவருடைய துணைவியார் ஆவார். அந்த அம்மையாரும் பின்னாளில் மேலவையில் அமர்ந்தார் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது. ஆயினும், இன்றைய இளைஞருள் பலர் ஆதி நாகப்பன் என்னும் பெயரைக் கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியிலுள்ள சாலைப் பலகையில் மட்டுமே கண்டிருப்பர். அப்பெயருக்குப் பின்னால் உள்ள வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலவை என்பது யாது?

நம் நாடாளுமன்றம் மாமன்னர், மேலவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்தது. மக்களவை உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம். மேலவை உறுப்பினர்களை அவ்வாறு தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலச் சட்டமன்றங்கள் தலா இருவரைத் தெரிவு செய்கின்றன. ஏனையோரை மாமன்னர் நியமிக்கிறார். 1957-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின்படி 38 உறுப்பினர்களைக் கொண்டிருந்த மேலவையில் இன்று 70 இடங்கள் உள்ளன. அவற்றுள் 26 மாநிலங்களின் தெரிவு; 44 மாமன்னரின் நியமனம். பொதுப்பணியிலும் தொழில்துறையிலும் பண்பாட்டிலும் சிறந்து விளங்குவோரும், சிறுபான்மை இனங்களின் சார்பாளரும் நியமனம் பெறலாம் என்று அரசமைப்பு கூறுகிறது.

மக்களவை நிறைவேற்றிய சட்ட முன்வரைவை மேலவை ஓராண்டுக் காலமும், நிதி முன்வரைவை ஒரு மாதமும் தாமதப்படுத்தலாமே அன்றி முற்றாகத் தடுத்துவிட இயலாது. ஆகவே, மேலவை உறுப்பினரின் வலிமை வாக்குகளின் எண்ணிக்கையில் இல்லை. அவர் எடுத்துரைக்கும் கருத்தின் தரத்தில்தான் இருக்கிறது. ஆதி நாகப்பனின் பணியை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் பொருந்தும்.

ஊராட்சித் தேர்தல்கள் வந்ததும் நின்றதும்

நாடு விடுதலை பெறுவதற்கு முன்னரே நம் மக்கள் வாக்களிக்கப் பழகியது ஊராட்சித் தேர்தல்களில்தான். 1951-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்திற்கும், 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்திற்கும் தேர்தல்கள் நடைபெற்றன. அந்தக் கோலாலம்பூர்த் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து நின்றதே பின்னாளில் கூட்டணிக் கட்சிக்கு அடித்தளமாயிற்று. 1957-இல் மாநகர் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுனுக்கு முதல் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். இராமநாதன் என்பதும் இங்கு எண்ணி மகிழத்தக்கது.

இந்தோனேசியாவுடனான மோதல் மூண்டிருந்த காலத்தில், 1965-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊராட்சித் தேர்தல்கள் அவசரகால விதிகளின் கீழ் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் அவை மீண்டும் நடத்தப்படும் என்று அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் உறுதி கூறினார். அதே காலத்தில் சில மன்றங்களின் நிருவாகத்தில் முறைகேடுகள் நிகழ்ந்ததாகப் புகார்களும் எழுந்தன. சிரம்பான், ஜொகூர் பாரு, பத்து பகாட், ஜார்ஜ்டவுன் ஆகிய ஊர்களின் மன்றப் பொறுப்புகளை அந்தந்த மாநில அரசுகள் மேற்கொண்டன. இச்சூழலில்தான் மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவராக ஆதி நாகப்பன் நியமிக்கப்பட்டார்.

அறிக்கை சொன்னது என்ன?

அந்நாளில் தீபகற்பத்தில் 370-க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் இருந்தன. மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், பட்டண மன்றம், புதுக்கிராமங்களில் தோன்றிய உள்ளூர் மன்றம் எனப் பல வகையாகவும், வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டனவாகவும் அவை விளங்கின. சில செல்வச் செழிப்புடன் இருந்தன. பல, ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவும் வருவாய் போதாமல் தத்தளித்தன. ஆணையம் இவற்றையெல்லாம் விரிவாக ஆராய்ந்து 1968-ஆம் ஆண்டு டிசம்பரில் தன் அறிக்கையை முடித்தது.

குறைகளை அவ்வறிக்கை மறைக்கவில்லை. ஆயினும், சில மன்றங்களில் குறை நேர்ந்தது என்பதற்காக மக்களின் பிரதிநிதித்துவ உரிமையையே நீக்கிவிடலாகாது என்று அது வலியுறுத்தியது. வரி செலுத்துவோர்க்கு அவ்வரி செலவாகும் முறையைக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆதலால் ஊராட்சி மன்றங்கள் தேர்தல் வழி அமைதல் வேண்டும் என்பதே அதன் முடிபு. சிதறிக் கிடக்கும் மன்றங்களைச் சீரமைத்து ஒழுங்கான ஓர் அமைப்பினுள் கொண்டு வருதல் வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

இங்குதான் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். ஆதி நாகப்பன் ஆளுங்கூட்டணியைச் சேர்ந்தவர். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஓர் அவையில் அமர்ந்தவர். அத்தகைய ஒருவரின் தலைமையில் அமைந்த ஆணையமே, மக்கள் வாக்களிக்கும் உரிமைக்காக இந்நாட்டில் எழுதப்பட்ட மிக விரிவான ஆவணங்களுள் ஒன்றை நமக்கு அளித்தது. தமக்கு எது வசதி என்று பாராமல், விசாரணையில் எது தெளிவாயிற்றோ அதனையே எழுதிய நேர்மை அதில் விளங்குகிறது.

ஏற்கப்பட்டதும் ஏற்கப்படாததும்

1969-ஆம் ஆண்டு மே மாதத் துயர நிகழ்வுகளுக்குப் பின் நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் அது மீண்டும் கூடியது. அறிக்கையும் அவ்வாண்டிலேயே பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. நாட்டு மக்கள் ஏற்கெனவே நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் வாக்களிப்பதால், மூன்றாவது தேர்தல் மிகையாகும் என்று அரசு கருதியது. 1973-ஆம் ஆண்டு இடைக்காலச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் நிறைவேறின. மன்றங்களைச் சீரமைக்கும் கருத்து செயல்வடிவம் பெற்றது. தேர்தலை மீட்கும் கருத்து ஏற்கப்படவில்லை. அச்சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தல் தொடர்பான சட்டங்களுக்கு முடிவு கட்டியது. 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை வந்தது.

அவ்வாறாயின், அந்த உழைப்பு வீணாயிற்றா? இல்லை என்பதே என் பணிவான கருத்து. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்கச் சட்டமியற்றி, 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அதில் வெற்றி பெறாத போதும், 2018-இல் இப்பொருள் மீண்டும் எழுந்து கைவிடப்பட்ட போதும், ஆதி நாகப்பன் அறிக்கை அறிஞர்களின் கைகளில் இருந்தது. தேர்தல் வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் அதற்கு விடை கூறாமல் மேற்செல்ல இயலவில்லை. எது ஏற்றது என்று முடிவு செய்வது அரசின் பொறுப்பும் மக்களின் பொறுப்பும் ஆகும். அரசுப் பணியில் பல ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழும் எனக்கு ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். நேர்மையாக எழுதப்பட்ட கோப்பு அலமாரியில் உறங்கலாம். ஆனால் அது இறப்பதில்லை.

நம் கோயிலுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது கேள்வி கேட்பவரை நாம் தொல்லை தருபவராகக் கருதலாகாது. அவர் உண்டியலில் இட்ட ஒரு வெள்ளிக்கு உரிய உரிமையையே கேட்கிறார். பொறுப்பில் இருப்போர் பொறுமையுடன் செவிமடுத்தலும், உறுப்பினர்கள் தவறாது கூட்டத்திற்கு வருதலும் இறைபணியின் ஒரு பகுதியே ஆகும். மக்கள் குரலைக் கேட்டு, கேட்டதை மறைக்காமல் எழுதிய ஒரு பெருமகனாரை நினைவுகூர்வதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் ஊரும் நாடும் செழித்து, அனைவரும் நலமுடன் வாழ்க!