வாக்கிய நினைவில் ஒலியும் பொருளும்

கேட்ட வாக்கியத்தைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்துவதில் அதன் ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள பங்கு, உளவியல் ஆராயும் கேள்விகளில் ஒன்று. தொடர்பற்ற சொற்களில் ஒலியின் கையே ஓங்கும். ஒலியால் ஒத்த ஆங்கிலச் சொற்களை உடனே வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வது மிகக் கடினம் என்றும், பொருள் ஒற்றுமை சிறிதளவே இடறுகிறது என்றும் பிரிட்டிஷ் உளவியலாளர் ஆலன் பேட்லி 1966இல் காட்டினார்.

வாக்கியத்தில் நிலைமை வேறு. தனிச் சொற்களில் ஐந்தாறை மட்டுமே நினைவில் வைப்பவர், வாக்கியமாகக் கோத்துத் தந்தால் பதினைந்து சொற்கள் வரை ஒப்பிக்கிறார். இலக்கணமும் பொருளும் அவற்றைக் கொத்துகளாகக் கட்டிவிடுகின்றன. இத்துறையின் மிக அழகிய சோதனை ஜாக்குலின் சாக்ஸ் 1967இல் வெளியிட்டது. தொலைநோக்கி பற்றிய உரைப்பகுதியைக் கேட்டவர்களிடம், அதில் வந்த வாக்கியம் ஒன்றை அப்படியேயோ மாற்றியோ மீண்டும் தந்து, மாற்றம் உண்டா என்று கேட்கப்பட்டது. இடையே சுமார் 80 அசைகள் கடந்திருந்தால், செய்வினை செயப்பாட்டுவினையாக மாறியதைப் பெரும்பாலோர் உணரவில்லை. பொருள் மாறியிருந்தால் கண்டுகொண்டனர். உடனடியாக ஒப்பிக்கும்போதுகூட வாக்கியத்தைப் பொருளிலிருந்தே மீண்டும் கட்டுகிறோம் என்று மேரி பாட்டரும் லிண்டா லொம்பார்டியும் 1990இல் வாதிட்டனர்.

அதற்காக ஒலியை ஒதுக்கிவிடக் கூடாது. பக்கவாதத்தால் ஒலிநினைவு குன்றிய இத்தாலிய நோயாளி ஒருவர் சிறு வாக்கியங்களை எளிதில் புரிந்துகொண்டார். சொல்வரிசையைச் சார்ந்த நீண்ட வாக்கியங்களில் தடுமாறினார்.