உயில்: விவாகரத்துப் பெற்ற பெற்றோரும் மைனர் குழந்தைகளும்

உயில் என்பது, ஒருவர் தம் காலத்துக்குப் பின் தம் சொத்து யாரைச் சேர வேண்டும் என்பதைத் தம் வாழ்நாளிலேயே தீர்மானித்து எழுதிவைக்கும் சாசனமாகும். இந்தியாவில் இந்துக்களின் உயிலை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், அவர்களுடைய மைனர் குழந்தைகளின் பாதுகாவலை 1956ஆம் ஆண்டின் இந்து மைனர், கார்டியன் சட்டமும் பிரதானமாக நிர்ணயிக்கின்றன.

பதினெட்டு வயது நிரம்பிய, ஸ்திரபுத்தியுள்ள எவரும், பிறர் தூண்டுதலோ பலவந்தமோ இன்றி உயில் எழுதலாம். அதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதியவர் கையொப்பமிடுவதை நேரில் கண்ட, அல்லது அது தம் கையொப்பமே என அவர் சொல்லக் கேட்ட, சாட்சிகள் இருவரேனும் அவர் முன்னிலையில் கையொப்பமிடவேண்டும். பின்னர் ஒரு வரியை அடித்துத் திருத்தினாலும், திருத்திய இடத்தருகே அவரும் சாட்சிகளும் மீண்டும் கையொப்பமிட்டாலன்றி அத்திருத்தம் செல்லாது.

விவாக பந்தம் நீதிமன்றத் தீர்ப்பால் அறுந்துபோனாலும், அந்த பந்தம் நிலவிய காலத்தில் எழுதிய உயில் அதனால் தானாக ரத்தாவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. முன்னாள் கணவனுக்கோ மனைவிக்கோ பெயர் குறித்து எழுதிய வீடு, புதிய உயிலாலோ, முறைப்படி எழுதிய ரத்துப் பத்திரத்தாலோ, ரத்து செய்யும் எண்ணத்துடன் பழைய உயிலைக் கிழித்தோ எரித்தோ அழிப்பதாலோ மாற்றப்படாதவரை, அவரையே சேரும். ஆகவே, தீர்ப்பு கைக்கு வந்தவுடன், முந்தைய உயில்கள் யாவற்றையும் ரத்து செய்வதாகத் தெளிவாகக் கூறும் புதிய உயிலை எழுதுவதும், வங்கிக் கணக்கிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் நின்றுவிட்ட பழைய நாமினியின் பெயரை மாற்றுவதும் அவசியமாகும்.

சொத்தை விருப்பப்படி எழுதிவைக்க முடிவதுபோல் குழந்தையை எழுதிவைக்க முடியாது. தந்தை உயில் மூலம் நியமித்த கார்டியனின் அதிகாரம், தாய் உயிரோடிருந்தால் செல்லாது. அவளும் வேறொருவரை உயிலால் நியமிக்காமல் காலமானால் மட்டுமே அது உயிர்பெறும். தந்தை கார்டியனாகும் உரிமையை இழந்துவிட்ட நிலையில் தாய் உயிலால் நியமிக்கலாம். தந்தை இல்லாதபோது அல்லது பொறுப்பேற்காதபோது அவர் உயிருடனிருக்கையிலேயே தாய் இயற்கைக் கார்டியனாகலாம் என கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. எனினும், தகராறு நேரும்போது குழந்தையின் க்ஷேமமே நீதிமன்றத்துக்குத் தலையாயது. 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டப்படி இறந்த பெற்றோரின் விருப்பமும் கருதப்படுமாதலால், அதனைக் காரணங்களோடு உயிலில் எழுதிவைப்பது வீணன்று.

ஆறு வயதுச் சிறுமிக்கு ஒரு வீட்டை நேரடியாக எழுதிவைத்தால், இயற்கைக் கார்டியனாக எஞ்சியிருக்கும் முன்னாள் துணையே அதனை நிர்வகிக்க நேரும். விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டுமாயினும், வாடகை அவர் கைக்கே வரும். அதை விரும்பாதவர், நம்பிக்கைக்குரிய சகோதரியையோ நண்பரையோ டிரஸ்டியாக நியமித்து, வாடகை படிப்புக்கும் வைத்தியத்துக்கும் செலவாகவும், 21 வயதில் வீடு மகளைச் சேரவும் விதித்துவைக்கலாம்.

பதிவு கட்டாயமன்று, ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதோ, முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைப்பதோ நலம். அசல் இருக்குமிடம், உயிலை நிறைவேற்ற அதில் நியமிக்கப்பட்ட நிர்வாகஸ்தருக்குத் தெரிந்திருப்பது அதனினும் முக்கியம். பீரோவின் அடியில் கிடக்கும் சாசனத்தைக் குழந்தையால் தேடியெடுக்க இயலாதல்லவா?