கேமரன் மலையும் அதன் மண்ணும்

தோட்டத்து லயன் வீடுகளின் பின்புறம் நம் முன்னோர் போட்டிருந்த காய்கறிப் பாத்திகளை நாம் அறிவோம். கத்தரி, வெண்டை, முருங்கை, மரவள்ளி முதலியவை குருபோங் வட்டாரத்து வெப்பத்தில் நன்கு விளைந்தன. ஆனால், சந்தையில் கோபிஸ் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த முட்டைக்கோஸ் இங்கே எளிதில் உருண்டு திரள்வதில்லை. அதற்குக் குளிர் வேண்டும். அந்தக் குளிர் உள்ள கேமரன் மலையின் விவசாய வரலாற்றை இன்று காண்போம்.

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இம்மலைப் பகுதியை 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று. அவருக்கு நெடுங்காலம் முன்பிருந்தே செமாய் என்னும் பூர்வகுடி மக்கள் அங்கு வாழ்ந்து வந்தனர். அவர்கள் காட்டில் ஒரு பகுதியைத் திருத்தி, மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிடுவர். பின்னர் வேறிடம் செல்வர். விட்டுச் சென்ற நிலத்தில் காடு மீண்டும் வளரும். மண்ணுக்கு ஓய்வு கொடுத்த முறை அது.

1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையைப் பார்வையிட்ட பின் நிலைமை மாறியது. தாப்பாவிலிருந்து சாலை போடப்பட்டது. எந்தப் பயிர் அங்கே விளையும் என்று அறிய, தானா ராத்தாவில் அரசாங்க ஆய்வுத் தோட்டம் அமைந்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலைச்சரிவுகளில் தேயிலை வளர உழைத்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பலர். பள்ளத்தாக்குகளில் சீனக் குடியானவர்கள் சிறு சிறு துண்டு நிலங்களில் முட்டைக்கோஸ், சாலாட் கீரை, தக்காளி ஆகியவற்றைப் பயிரிட்டனர். சாலை இருந்ததால் காய்கறிகள் லாரிகளில் ஏறி, சிங்கப்பூர் வரை சென்றன.

மலையில் குளிர் உண்டு. ஆனால் சமநிலம் குறைவு. பெருமழை சரிவில் விழும்போது மேல்மண் நீரோடு இறங்கிவிடும். பயிருக்கு உணவு தருவது அந்த மேல்மண்தான். ஆகவே சரிவைப் படிப்படியாக வெட்டிப் பாத்தி கட்டினர். கோழி எருவிட்டு மண்ணை வளப்படுத்தினர். நாளடைவில் தேவை பெருகவே, செங்குத்தான சரிவுகளிலும் காடு வெட்டப்பட்டது. பின்னாளில் பிளாஸ்டிக் கூரைகள் வந்தன. கூரை மீது விழும் மழை மண்ணில் ஊறாமல் ஓடைக்கு விரைந்தது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல விவசாயிகளுக்கு நிலம் சொந்தமில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தின் பேரில் பயிரிட்டனர். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவன், பத்தாண்டு நிலைக்கும் கல்வரப்பை எப்படிக் கட்டுவான்? நிறுவனத்தின் நிலத்தில் லயன் வீட்டில் வாழ்ந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று.

ஓடிய மண் எங்கே போயிற்று? மின்சாரத்துக்காக 1963-இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையில், ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்தது. வண்டல் சேரச் சேர, நீர் கொள்ளும் இடம் சுருங்கியது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் அதிகாலையில், பெருமழைக்குப் பின் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து, வீடுகள் சேதமுற்றன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மேட்டில் இழந்த மண், பள்ளத்தில் இருந்தவரை வருத்தியது.

சிறு விவசாயம் நிலைத்திருக்க வேண்டுமானால், விளைச்சலோடு மண்ணையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். இது மலைக்கு மட்டும் உரியதன்று. வீட்டோரம் பத்தடி நிலம் இருந்தாலும் போதும். சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டலாம். வெறும் மண்ணைக் காய்ந்த இலைகளால் மூடலாம். எருவை நன்றாக மக்கவிட்டுப் போடலாம். ஒரே காயைத் திரும்பத் திரும்ப ஓரிடத்தில் நடாமல், இடையே பயற்றை விதைக்கலாம். பயற்றின் வேர், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. தினமும் சிறிது நேரம் ஒதுக்கினால் போதும். அவ்வாறு காத்த மண், நாம் இடம்பெயர்ந்து போனாலும், பின்னால் வருபவருக்குச் சோறு போடும்.