விசைப்படகு எஞ்சின்: பழுதுபார்ப்பு, ஓவர்ஹால், மாற்றம்

தேய்ந்துபோன எஞ்சினைப் பழுதுபார்த்து ஓட்டுவதா, முழுவதும் பிரித்து ஓவர்ஹால் செய்வதா, இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவதா என்பது விசைப்படகு வைத்திருப்பவர் எடுக்க வேண்டிய முடிவுகளில் மிகுந்த செலவுடையது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே இவ்வேலைக்குரிய பருவம். காசிமேடு, நாகப்பட்டினம், இராமேஸ்வரம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் படகுகள் கரையேறும்போது லேத் பட்டறைகளில் வேலை குவிகிறது. அவசரத்தில் எடுத்த முடிவு அடுத்த ஆண்டு முழுவதும் வலிக்கும். பாக் நீரிணையில் எஞ்சின் நின்றுபோன படகு நீரோட்டத்தோடு பன்னாட்டுக் கடல் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே இது பணத்தோடு முடிகிற கணக்கல்ல, படகில் இருப்பவர்களின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

தேய்மானத்தின் அறிகுறிகள்

புகையே முதலில் கண்ணில் படும். கரும்புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள். அதைக் கண்டதும் ‘எஞ்சின் போச்சு’ என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், கெட்ட நாசில், படகுக்குப் பெரிதான புரொப்பெல்லர், அதில் சுற்றிய வலைத்துண்டு, அடிப்பலகையில் ஒட்டி வளர்ந்த பாசியும் சிப்பியும் என எது வேண்டுமானாலும் காரணமாகலாம். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லையென்றால் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கலாம். டிப்-ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. அப்போது எஞ்சினை ஓட்டக்கூடாது.

அறிகுறி எதுவானாலும் அளந்து பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். எல்லாம் சீராகச் சற்றுக் குறைந்திருப்பது வயதின் அடையாளம். ஒன்று மட்டும் 10 சதவீதத்துக்கு மேல் விலகி நின்றால் அந்தச் சிலிண்டரில் தனிக்குறை இருக்கிறது. சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்தது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். டீசல் எஞ்சினில் எரியறை மிகச் சிறியது என்பதால் ஆயில் கூடினால் பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளையும். பழகிய மெக்கானிக் செய்ய வேண்டிய சோதனை இது. ஆயில் மாதிரியை ஆய்வகத்தில் சோதித்தாலும் பல செய்திகள் கிடைக்கும்: இரும்பு மிகுந்தால் லைனர், ரிங் தேய்மானம், செம்பும் ஈயமும் மிகுந்தால் பேரிங் தேய்மானம், சோடியம் மிகுந்தால் கடல்நீர்க் கசிவு.

காரணம் தேடல்

மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் எஞ்சின் ஏன் தேய்ந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே பணத்தை இறக்க வேண்டும். கடல்நீரை நேரடியாக எஞ்சினுக்குள் சுற்றவிடும் அமைப்பில் உப்பு படிந்து நீர்வழிகள் குறுகும், வார்ப்பு அரிக்கும். நன்னீர் தனியே சுற்றி, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகவோ அடிக்கட்டையோடு ஓடும் குழாய்களாலோ குளிரும் அமைப்பில் இத்தொல்லை குறைவு. ஆனால் அங்கும் துத்தநாகத் துண்டுகளைக் காலத்தில் மாற்றாவிட்டால் அரிப்பு தொடரும். தண்ணீர் கலந்த டீசல், வளைந்த ஷாஃப்ட், படகின் இழுவைக்குப் பொருந்தாத புரொப்பெல்லர் ஆகியவையும் எஞ்சினைத் தின்னும். இவற்றை அப்படியே விட்டுப் புது எஞ்சின் ஏற்றினால், பழையதைக் கெடுத்த அதே குறை புதியதையும் கெடுக்கும்.

ஓவர்ஹால்

ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு, கேஸ்கட் வேலை பார்ப்பது பழுதுபார்ப்பில் சேரும். ஓவர்ஹாலில் கிராங்க் ஷாஃப்ட் வரை இறங்க வேண்டும். அது தகுமா என்பதை பிளாக்கும் கிராங்க் ஷாஃப்டுமே தீர்மானிக்கின்றன. மற்றவை வாங்கி மாட்டக்கூடிய உதிரிகள். வெட் லைனர் உள்ள எஞ்சினில் லைனரை உருவிப் புதிது போடலாம். லைனர் இல்லாத பிளாக்கில் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் இட வேண்டும். கிராங்க் ஷாஃப்டை வழக்கமாக 0.25 மில்லிமீட்டர் படிகளில் கிரைண்டிங் செய்வார்கள். தயாரிப்பாளர் வகுத்த கடைசி அளவை ஏற்கெனவே எட்டிவிட்டிருந்தால் அதில் மேலும் கைவைக்க முடியாது. பிளாக்கில் விரிசல் இருந்தாலோ லைனர் உட்காரும் இடம் அரித்திருந்தாலோ ஓவர்ஹாலை விட்டுவிடுவதே நல்லது. லாரி எஞ்சின்களிலிருந்து கடலுக்காக மாற்றியமைத்த வகைகளுக்கு உதிரிகள் எளிதில் கிடைப்பதால் அவற்றில் ஓவர்ஹால் பெரும்பாலும் தகும். உதிரி வராத எஞ்சின் நன்றாக ஓடினாலும் அடுத்த பழுதில் வாரக்கணக்கில் கரையில் நிற்கும்.

ஓவர்ஹால் செலவு புது எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்றொரு வாய்ப்பாடு துறைமுகங்களில் வழங்குகிறது. இது முழுக் கணக்கன்று. 120 குதிரைத்திறன் எஞ்சின் முழுச்சுமையில் மணிக்கு ஏறக்குறைய 22 லிட்டர் டீசல் குடிக்கும். தேய்மானத்தால் 10 சதவீதம் கூடினால் 100 மணி நேரத்துக்கு 220 லிட்டர் வீணாகிறது. எத்தனை மணி நேரம் கடலில் ஓடுகிறது என்பதைப் பெருக்கிப் பார்க்காமல் விலைகளை மட்டும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

மாற்றம்

வேறு எஞ்சினை ஏற்றும்போது விலைப்பட்டியலில் காணாத செலவுகள் பல வரும்: எஞ்சின் பெட், கியர்பாக்ஸ் விகிதம், ஷாஃப்ட், புரொப்பெல்லர், குளிர்நீர்க் குழாய், சைலன்ஸர். கூடுதல் திறன் வேண்டும் என்ற ஆசையையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நீரை இடம்பெயர்த்து ஓடும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை. நீர்க்கோட்டு நீளம் 12 மீட்டர் என்றால் மணிக்கு 8 கடல் மைலுக்குச் சற்று மேல் போக டீசல் செலவு கடுமையாக ஏறும். புரொப்பெல்லர் கேட்கும் திறன் சுழற்சியின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுவதால், சுழற்சியை 10 சதவீதம் குறைத்தாலே தேவை கால்பங்குக்கு மேல் இறங்கிவிடும். இழுவலைப் படகுக்கு வேகத்தைவிட இழுப்பு விசையே முக்கியம். அதற்குக் கியர் விகிதமும் புரொப்பெல்லரும் பொருந்தினால் போதும். தமிழ்நாட்டில் மீன்பிடி விசைப்படகு எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்ற வரம்பும் உண்டு. மாற்றிய எஞ்சினின் விவரங்கள் மீன்வளத்துறைப் பதிவில் ஏற வேண்டும்.

படகு கரையில் இருக்கும்போது எஞ்சினையும் ஷாஃப்டையும் நேர்படுத்துவது முதற்கட்டம் மட்டுமே. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடல் சற்று வடிவம் மாறும். அதனால் மிதக்கும் நிலையில் இணைப்புத் தட்டுகளின் இடைவெளியைச் சுற்றிலும் மறுபடி அளக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டுக்கு 0.1 மில்லிமீட்டர் வேறுபாடு வரை ஏற்கலாம். ஓவர்ஹால் செய்ததானாலும் புதிதானாலும் முதல் ஆயிலைத் தயாரிப்பாளர் சொன்ன மணிக்கணக்கில் மாற்றி, வடிந்த ஆயிலில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே படகைத் தொலைதூர மீன்பிடிப்புக்கு அனுப்ப வேண்டும்.