சிக்ஸ்த் ஃபார்ம் செல்லும் பிள்ளை: பெற்றோர் கவனத்திற்கு

இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. தேர்வு முடிவுகள் ஆகஸ்ட் மாதம் வெளியாகின்றன. செப்டம்பரில் பிள்ளைகள் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியில் 12ஆம் ஆண்டு படிக்கத் தொடங்கி விடுகிறார்கள். அதுவரை பள்ளிக்கூடம் சுமந்து வந்த பல பொறுப்புகள் அன்றிலிருந்து 16 வயதுப் பிள்ளையின் தோளுக்கு மாறுகின்றன. அந்தப் பொறுப்புகளைக் கோடை விடுமுறையிலேயே சிறிது சிறிதாகப் பழக்குவதுதான் பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

பாடத் தேர்வு

ஏ லெவலில் பெரும்பாலோர் மூன்று பாடங்களையே படிக்கிறார்கள். தமிழ்நாட்டின் பிளஸ் டூ போல ஆயத்தமான 'குரூப்' இங்கே கிடையாது. மருத்துவத்திற்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வேதியியலைக் கேட்கின்றன; பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். ஆகவே, பிள்ளை விரும்பும் பட்டப்படிப்பின் நுழைவுத் தகுதியை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். "டாக்டருக்குத்தான் படிக்க வேண்டும்" என்று திணிக்காதீர்கள். வரலாறும் இலக்கியமும் கற்றவர்களும் சமுதாயத்திற்குத் தேவை.

தொழில் சார்ந்த படிப்பை விரும்பினால் 2020இல் தொடங்கிய டி லெவல் இருக்கிறது. இரண்டாண்டுப் படிப்பான இதில் குறைந்தது 315 மணி நேரம் பணியிடப் பயிற்சி உண்டு. ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4ஆம் கிரேடு கிடைக்காதவர்கள் அப்பாடத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டும். இது அவமானமல்ல, அதைச் சொல்லிக் காட்டாதீர்கள்.

காலி நேரம்

மூன்று பாடங்களுக்கும் சேர்த்து வகுப்பு நேரம் வாரத்திற்கு ஏறக்குறைய 15 மணி நேரம்தான். மீதி நேரத்தில் தானாகப் படிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வார அட்டவணையைப் பிள்ளையே எழுதட்டும். அதிகாலை எழுவது, பேருந்து பிடிப்பது, கைப்பேசியை ஒதுக்கி வைப்பது எல்லாவற்றையும் விடுமுறையிலேயே பழகட்டும்.

தொழுகை

டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்து விடும். லுஹரும் அஸரும் கல்லூரி நேரத்திலேயே வந்து விடும். தொழ இடம் உண்டா, ஜும்ஆ நேரத்தில் வகுப்பு வருமா என்பதைச் சேரும்போதே பிள்ளை கேட்டுத் தெரிந்து கொள்ளட்டும். அருகில் நின்று தைரியம் கொடுங்கள். நீங்களே முந்திக்கொண்டு பேசாதீர்கள்.

பணம்

பிள்ளைக்கு 16 வயதாகும் கட்டத்தில் சைல்ட் பெனிஃபிட் பற்றி அரசிடமிருந்து கடிதம் வரும். பிள்ளை தொடர்ந்து படிப்பதைத் தெரிவிக்காவிட்டால் அந்தப் பணம் நின்று விடும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் பயணம், புத்தகச் செலவுகளுக்குக் கல்லூரிகள் 'பர்சரி' என்ற உதவித்தொகை தருகின்றன. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்; கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

பருவமடைந்த பிள்ளையின் தொழுகைக்கு அந்தப் பிள்ளையையே மார்க்கம் பொறுப்பாக்கி விட்டது. படிப்பில் மட்டும் இன்னும் கைப்பிடித்தே நடத்திக்கொண்டிருந்தால், 18 வயதில் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் தனியே நிற்கும்போது பிள்ளை தடுமாறிப் போகும். முதல் பருவத்தில் மதிப்பெண் குறைந்தால் கோபப்படாமல், "எங்கே சிரமமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பயமில்லாமல் பதில் சொல்லும் பிள்ளை, வேறு சிக்கல் வந்தாலும் முதலில் உங்களிடம்தான் வரும், இன்ஷா அல்லாஹ்.