லாயமும் தீனியும்: ஒரு வரலாற்றுப் பாடம்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை அடுத்து ரேஸ் கோர்ஸ் சாலை உள்ளது. இன்று அங்கே உணவகங்களும் பௌத்த ஆலயங்களும் உள; குதிரைகள் இல்லை. அதன் அருகேயுள்ள ஃபேரர் பார்க் திடலில் 1843ஆம் ஆண்டு முதற் குதிரைப் பந்தயம் நடைபெற்றது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் பெயரும் வரை அவ்வட்டாரம் குளம்பொலி கேட்டு வாழ்ந்தது.

இத்தீவு குதிரைகளின் தாயகம் அன்று. சுமத்திராவிலிருந்து மட்டக் குதிரைகளும் ஆஸ்திரேலியாவிலிருந்து உயர்ந்த குதிரைகளும் கப்பலேறி வந்தன. கடல் கடந்து வந்த விலங்கை வேற்று மண்ணில் நலமுடன் பேணுவது எளிதன்று. அதனை அறியாமல் தமிழகம் பெரும்பொருள் இழந்த வரலாறு ஒன்று உண்டு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டிறுதியில் 100கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். இறைச்சியோடு வெந்த சோறு அவற்றுக்குத் தீனியாம். குதிரை மருத்துவம் அறிந்தோரை அயல்நாட்டு வணிகர் உடன் கொணரவுமில்லை. வர விடவுமில்லை என்பதும் அவர் கூற்று. குதிரை மடிய மடிய வணிகம் வளருமன்றோ! பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும் இத்தகைய செய்தியே தருகிறார். நெய் கலந்த வறுத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டி, முளையடித்துக் கயிற்றால் பிணித்து, 40 நாள் லாயத்திலேயே கொழுக்க வைத்தனர். பின்னர்ப் பயிற்சியின்றி ஏறிச் செலுத்தினர். குதிரைகள் விரைவில் வலிவிழந்தன என்கிறார். அயலார் உரையில் மிகை இருக்கலாம். இருவரும் சுட்டும் குறை ஒன்றே.

அதற்குக் காரணம் கஞ்சத்தனம் அன்று, அறியாமையே. மனிதர்க்கு விருந்தாவது குதிரைக்கு நோயாகும். குதிரையின் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. நாள் முழுதும் புல்லைச் சிறிது சிறிதாக மேய்வதற்கே அமைந்தது. மாப்பொருள் மிகுந்த தீனி ஒருசேரச் சென்றால் குடலிற் புளித்து வயிற்று நோயும் குளம்பில் அழற்சியும் உண்டாகும். உண்டதைக் கக்கவும் அதனால் இயலாது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ உலர்தீனி வேண்டும்; அதிற் பெரும்பகுதி புல்லாதல் நன்று. கொள்ளும் ஓட்ஸும் அளவோடு சேர்க்கத்தக்கவை.

லாயமும் தீனியைப் போன்றே முதன்மையானது. ஈரம் ஊறிய படுக்கை குளம்பை அழுகச் செய்யும். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக் குழலை வருத்தும். சிங்கப்பூரின் புழுக்கத்திலோ காற்றோட்டம் உயிர் போன்றது. குளிர்நாட்டுக் குதிரைகளுட் சில இங்கு வியர்க்கும் ஆற்றலையே இழப்பதுண்டு. அவை உடற்சூடு தணியாமல் வாடும்.

இவற்றையெல்லாம் நாள்தோறும் கவனித்தவர் சைஸ் எனப்பட்ட குதிரைக்காரர்களே. தமிழரும் மலாய்க்காரரும் பாவியன் தீவினரும் அத்தொழிலில் இருந்தனர். விடியுமுன் எழுந்து இலத்தி அள்ளி, படுக்கை மாற்றி, மேனி தேய்த்து, தீனியை அளந்து வைத்தவர் அவர்கள். வென்ற குதிரையின் பெயரும் உரிமையாளர் பெயரும் ஏட்டில் ஏறின. காத்தவர் பெயர் ஏறியது அரிது.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் இறுதிப் பந்தயம் நடந்து, 180 ஆண்டுக்கு மேற்பட்ட மரபு முடிவுற்றது. சாலைப் பெயர் மட்டும் நிற்கிறது. அதனை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், ஓடிய குதிரையோடு லாயம் துடைத்த கைகளையும் நினைவூட்டுதல் கடன். பாண்டியனிடம் பொன் இருந்தது; குதிரையை அறிந்த கைகள் இல்லை.